கார் இல்லாதவரும் கரிச்சானும்

தாம்பரம் முதல் பள்ளிக்கரணை வரை: நடந்தும், பஸ்ஸிலும், ஷேர் ஆட்டோவிலும் போகிறவர்கள் பார்க்கும் புறநகர்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்துபோனது. காருக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட அந்தக் காணொளி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. வண்டலூர் உயிரியல் பூங்காவிலிருந்து தப்பி வந்துவிட்டதோ என்று பலர் பதறினார்கள். வனத்துறையின் பதில் எளிமையாக இருந்தது. சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, மழையில் ஏரி நிரம்பினால் வெளியே வரும், சீண்டாமல் விட்டால் அது பாட்டுக்குப் போய்விடும்.

நெடுங்குன்றம் ஏரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பழைய சங்கதி. ஏரியில் முதலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். காணொளியைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியந்துகொண்டிருக்கும்போது, இரவு ஷிஃப்ட் முடிந்து பெருங்களத்தூர் ஸ்டேஷனில் இறங்கி அதே சாலையில் வீட்டுக்குப் போகிறவர் வேறொன்றைத்தான் கவனித்திருப்பார்: அந்த இடத்தில் தெருவிளக்கு எரிகிறதா?

புறநகரில் காட்டுயிரோடு நேருக்கு நேர் நிற்கிறவர் பெரும்பாலும் கார் இல்லாதவர்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு போகிறவருக்கு மேடவாக்கமும் மாடம்பாக்கமும் சிக்னலும் நெரிசலும்தான். ஸ்டாப்பில் நிற்பவருக்கு, ஏரிக்கரை ஓரமாக ஒதுங்கி நடப்பவருக்கு, அதே இடம் வேறு மாதிரி தெரிகிறது. மின்கம்பியில் கரிச்சான், வடிகாலுக்குள் நழுவும் கீரி, காலி மனையில் உண்ணிக்கொக்கு. அந்தக் காட்சியும் அவருடையது, அந்த ஆபத்தும் அவருடையது. புறநகரைக் காருக்காக விரித்துக் கட்டியபோது, முதலில் இடம் இழந்த இரண்டு தரப்புகளும் நடந்துபோகிறவரும் இந்த உயிர்களும்தான். இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பேசியே நமக்குப் பழகிவிட்டது.

ரயில் பெற்ற ஊர், ரோடு பெற்ற ஊர்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இரண்டு தலைமுறைப் புறநகர்கள் இருக்கின்றன. மூத்தது ரயில் பெற்றது. 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காக சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்றுதான் அன்று இந்த ஊரின் சொத்து. 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுக் கிளம்பி, தாம்பரத்தின் முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் புதர்க்காட்டுக்குக் குடிவந்தது. அந்தக் காட்டில் இன்றும் புள்ளிமான்கள் இருக்கின்றன. சுவருக்கு வெளியே ஜி.எஸ்.டி. சாலை இரைந்துகொண்டிருக்கிறது.

ரயில் வளர்த்த ஊர்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை என எங்கே இறங்கினாலும் ஸ்டேஷன் வாசலிலேயே பூக்கடை, காய்கறிக்கடை, டிபன் கடை, வண்டி ஸ்டாண்டு. வீடு நடந்து போகும் தூரத்தில். வீட்டுக்குப் போகிற வழியில் கீரைக்கட்டும் வாங்கிவிடலாம், பிள்ளைக்கு நோட்டும் வாங்கிவிடலாம். யாரும் இதற்குத் திட்டம் போடவில்லை. ரயிலில் வந்து இறங்குபவர் காலில்தான் போவார் என்பதால் ஊர் அப்படி அமைந்துகொண்டது. (பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்திய வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய கல் அது. தரையைப் பார்த்து நடந்தவர் கண்ணில்தான் பட்டது. நல்லவேளை, அப்போது கார் இல்லை.)

இளையது ரோடு பெற்றது. ஓ.எம்.ஆர். எனும் பழைய மாமல்லபுரம் சாலையில் ஐ.டி. நிறுவனங்கள் வரிசைகட்டிய பிறகு மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், நாவலூர் என்று வயலும் ஏரியுமாக இருந்த கிராமங்கள் சில வருடங்களில் அடுக்குமாடிகளாயின. தண்டவாளம் கிடையாது. அகலமான சாலை உண்டு, அதில் நடைபாதை கிடையாது. 'ஏர்போர்ட்டிலிருந்து இருபது நிமிடம்' என்று விளம்பரம் வந்தது. யாருடைய இருபது நிமிடம், எத்தனை மணிக்கு என்று விளம்பரம் சொல்லவில்லை.

இந்த இளைய புறநகரில்தான் ஒரு பெரிய முரண் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்காகக் கட்டியதுபோல் தோன்றும் அதே பெரும்பாக்கத்தில், அதே செம்மஞ்சேரியில், கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அரசு குடியமர்த்தியது. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். அந்தப் பெண்களில் பலருக்கு வேலை பழைய இடத்தில், நகரத்தின் நடுவில். சமையல் வேலை, வீட்டு வேலை, துப்புரவு வேலை. ஸ்கூட்டர்கூட இல்லாதவர்களைச் சாலையை மட்டுமே நம்பிய ஊரின் கடைசியில், சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். இதைவிடத் தலைகீழான நகரத் திட்டமிடலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெள்ளைப் போர்டும் கடைசி ஒரு கிலோமீட்டரும்

2021 மே மாதம், புதிய அரசு பதவியேற்ற கையோடு, சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 'இலவசம்' என்று கேலி பேசியவர்கள் உண்டு. பயன்படுத்தும் பெண்கள் குடும்பத்துக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தப் பணம் ஒரு சிலிண்டர் காசு என்று பெரும்பாக்கத்துப் பெண்ணுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. காலையில் ஸ்டாப்பில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். டீலக்ஸ் பஸ் வந்தால் யாரும் அசைவதில்லை. சாதாரண பஸ்ஸின் வெள்ளைப் போர்டு தெரிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரு அடி முன்னால் வருகிறது. அந்த பஸ்களுக்கு பிங்க் நிறம் அடித்த பிறகு தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது என்பது ஒரு வசதி.

மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். நாட்டில் இவ்வளவு மலிவாக இவ்வளவு தூரம் கொண்டுபோகும் வண்டி வேறு எது என்று தெரியவில்லை. 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டுத் தடத்தில் ஏ.சி. ரயிலும் வந்தது. ஆனால், 'யூனிட்' என்று இன்னும் பழைய ஆட்கள் சொல்லும் சாதாரண வண்டியின் வெண்டர் பெட்டிக்கு இருக்கும் வாசனை அதற்கு இல்லை. மல்லிகை, கருவாடு, கொத்தமல்லி எல்லாம் ஒரே பெட்டியில் ஒரே நேரத்தில். அதே ஆண்டு செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் என்று 'சென்னை ஒன்' செயலி வந்தது. நல்ல ஏற்பாடு. வெளிநாடுகளைப் பார்த்து ஏங்கியதில் ஒன்று கையில் கிடைத்துவிட்டது.

ஆனால், இந்த மூன்றும் கொண்டுவந்து விடுவது மெயின் ரோடு வரைக்கும்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு இருக்கும் ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர்தான் புறநகர் வாழ்க்கையின் உண்மையான பரீட்சை. அந்த இடைவெளியை நிரப்புவது ஷேர் ஆட்டோ. கிழக்குத் தாம்பரத்தில் இறங்கினால் 'கேம்ப் ரோடு, சேலையூர், மேடவாக்கம்' என்று ஒரே மூச்சில் கூவும் குரல் கேட்கும். அட்டவணை கிடையாது, ஸ்டாப் கிடையாது, கையைக் காட்டிய இடம்தான் ஸ்டாப். பத்து ரூபாய், இருபது ரூபாய். இப்போது சில்லறைச் சண்டையும் குறைந்துவிட்டது, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. பின்னால் இடுக்கி உட்கார்ந்து, முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் பாதி வெளியே தொங்கிக்கொண்டு போகும் இந்த வண்டியைப் போக்குவரத்து விதிகளின்படி நியாயப்படுத்த முடியாது. அது இல்லாமல் சித்தாலப்பாக்கமும் அகரம்தென்னும் ஒரு வாரம் ஓடாது. சட்டம் கண்டுகொள்ளாத ஒரு வண்டியின் முதுகில்தான் இந்த ஊர்கள் நிற்கின்றன.

2013இல் மாநகரப் போக்குவரத்துக் கழகம் உள்தெருக்களுக்காகச் சிற்றுந்துகளை விட்டது. அவற்றின் பக்கவாட்டில் வரைந்திருந்த இலை, கட்சிச் சின்னமா வெறும் இலையா என்று நாடே விவாதித்தது. எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வேண்டும் என்ற விவாதம் அந்த அளவுக்கு நடக்கவில்லை. பயணிக்குத் தேவைப்பட்டது இரண்டாவது விவாதம்.

மிச்சமிருப்பது நடை. புறநகரில் நடைபாதை என்று தனியாக ஒன்று அபூர்வம். மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் நடைபாதை. ஒரு வீட்டு வாசலில் முழங்கால் உயரம், அடுத்த வாசலில் கார் ஏற்றச் சரிவு, அதற்கடுத்து மூடியே இல்லை. நடுவில் டிரான்ஸ்பார்மர், அதைச் சுற்றி இளநீர் மட்டை. கைக்குழந்தையோடு போகிற பெண்ணோ, கைத்தடியோடு போகிற பெரியவரோ இரண்டு நிமிடத்தில் சாலைக்கு இறங்கிவிடுவார்கள். சாலையில் தண்ணீர் லாரி. சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கை அறிவித்தது: போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று. தி.நகர் பாண்டி பஜாரில் அதன் பலன் தெரிகிறது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் உள்தெருக்களில் இன்னும் வடிகால் மூடிதான் நடைபாதை.

கரையில் ஒரு வழி இருந்தது

இந்த நிலப்பரப்பை வரைபடத்தில் பார்த்தால் ஏரிகள் கோத்த சங்கிலியாகத் தெரியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், இன்னொரு பக்கம் மாடம்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம். ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்கு. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைத் தொடுகிறது.

ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கரை. அந்தக் கரைதான் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் போகும் வழி. மழைக்காலத்தில் வயலெல்லாம் தண்ணீர் நின்றாலும் கரை மேடாக இருக்கும், பனைநிழல் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் கரைமேல்தான் போனார்கள். வயல்கள் மனைகளானபோது கரையின் இரண்டு முனைகளும் அடைபட்டன. ஒரு முனையில் காம்பவுண்டு சுவர், இன்னொரு முனையில் குப்பைமேடு. நடுவில் மட்டும் கரை இருந்தது.

கடந்த சில ஆண்டுகளாக ஏரிகளைச் சீரமைக்கிறார்கள். சிட்லபாக்கத்தில் அங்கு குடியிருப்பவர்களே பல காலம் விடாமல் கேட்டு, கரையைப் பலப்படுத்தி நடைபாதை போட வைத்தார்கள். செம்பாக்கத்திலும் வேலை நடந்தது. பாராட்டத்தான் வேண்டும். குறை ஒன்று இருக்கிறது. இந்த நடைபாதைகள் பெரும்பாலும் நடைப்பயிற்சிக்காகப் போட்டவை. கேட் உண்டு, திறக்கும் நேரம் உண்டு, சிமென்ட் பெஞ்சு உண்டு. காலையில் காரில் வந்து இறங்கி, நாலு சுற்று நடந்து, காரில் திரும்பிப் போகிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டிய பெண், கேட் பூட்டியிருப்பதால் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகிறார். சர்க்கரையைக் குறைக்க நடப்பவருக்குக் கிடைத்த பாதை, பிழைக்க நடப்பவருக்குக் கிடைக்கவில்லை.

கரையில் நடப்பவருக்குக் காணக் கிடைப்பது என்ன? வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த மார்கழி, தை மாதங்கள்தான் உச்சம். சம்புக் கோரைக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி தன் நீண்ட சிவப்புக் கால்களைத் தூக்கி வைத்து வெளியே வரும். அரிவாள் மூக்கன் கூட்டம் சேற்றைக் குத்திக் குத்திப் போகும். கூழைக்கடாக்கள் ஒரே பக்கமாகத் திரும்பி மீனை வளைக்கும். இவற்றைப் பார்க்க வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி சாலையில் பள்ளிக்கரணை பக்கமாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் போதும். பூநாரைகள் வந்திருக்கும் நாளில் தூரத்தில் வெளிறிய ரோஜா நிறம் ஒரு கோடாகத் தெரியும்.

பெரிய பறவைகளைவிட எனக்குச் சின்னவைதான் முக்கியமாகப் படுகின்றன. விடியலுக்கு வெகுமுன்பே, முதல் ரயிலுக்குப் போகிறவர் தெருவில் இறங்கும் வேளையில், கரிச்சான் கூப்பிட ஆரம்பித்துவிடும். சேவல் இல்லாமல் போன ஊர்களில் அதுதான் சேவல். பகலில் மின்கம்பியில் உட்கார்ந்து, கீழே மாடு மேயும்போது கிளம்பும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். தன்னைவிடப் பெரிய பருந்தையும் காக்கையையும் விரட்டும். வேலியோரத்தில் செம்போத்து, காலி மனையில் ஆள்காட்டி, பனை நிற்கும் இடங்களில் பனை உழவாரன். அகரம்தென், மாடம்பாக்கம் பக்கம் மொட்டைமாடியில் மயில் இறங்குவது இப்போது யாருக்கும் ஆச்சரியமில்லை, கீரைப்பாத்தி வைத்திருப்பவர்களுக்கு எரிச்சல். நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை இருக்கிறது. மேடவாக்கம் சாலையின் இரைச்சல் எட்டும் தூரத்திலேயே.

ஏரியைச் சீரமைக்கும் விதத்தில் இவற்றின் வாழ்வும் சாவும் இருக்கிறது. கரைச்சரிவு முழுவதற்கும் கல்லைப் பதித்து, மேலே கான்கிரீட் போட்டால் போட்டோவில் அழகாக இருக்கும். மீன்கொத்தி மண்சுவரில் துளையிட்டுத்தான் கூடு வைக்கும். ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். இலைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும். சேறு, புதர், மண் மூன்றையும் 'சுத்தம்' செய்துவிட்டால் மிஞ்சுவது தண்ணீர்த் தொட்டி. நடப்பவருக்கும் கான்கிரீட் பாதை அவசியமில்லை. அடித்து இறுக்கிய செம்மண் பாதை போதும், வெயிலில் கொதிக்காது. கேட்டில் பூட்டு இல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

இருட்டில் காலடி

இதுவரை சொன்னது பகல். இரவில் இதே பாதையில் நடப்பது வேறு கதை. அழகு பேசிவிட்டு ஆபத்தை மறைப்பது நியாயமாகாது.

முதல் பயம் பாம்பு இல்லை, நாய். இரவு பத்து மணிக்கு மேல் தெருமுனையில் கூட்டமாகப் படுத்திருக்கும் நாய்கள், பைக்கைத் துரத்தும், தனியாக நடப்பவரைச் சூழும். டெலிவரி ஊழியர்களுக்கு இது தினசரிப் பாடு. கருத்தடை, தடுப்பூசி, குப்பையைத் திறந்தவெளியில் கொட்டாமல் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் தீரும். தனித்தனியாக நடக்கின்றன, அதுவும் அவ்வப்போது.

அடுத்தது பாம்பு. மழை வந்து பொந்துகளில் நீர் புகுந்தால் பாம்பு மேட்டுக்கு வரும். மேட்டில் நம் வீடு இருக்கிறது. பெரும்பாலும் வருவது சாரையும் தண்ணீர்ப் பாம்பும். அவற்றுக்கு நஞ்சில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் உயிருக்கு ஆபத்தானவற்றில் முக்கியமானவை. இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே ஒரே முறிமருந்து இருக்கிறது. அந்த மருந்து தயாராவதில் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நஞ்சைச் சேகரித்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைப் பார்த்ததும் கம்பை எடுக்கும் புறநகர்வாசிக்குத் தன் உயிரைக் காக்கும் மருந்து எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

நடப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மழைக்காலத்தில் டார்ச், மூடிய செருப்பு அல்லது ஷூ, புல் வளர்ந்த ஓரத்தைத் தவிர்ப்பது. கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை 'அறிவிக்கை செய்ய வேண்டிய' நோயாக்கியது. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கடியும் இனி கணக்கில் வர வேண்டும். எந்தத் தெருவில் எந்த மாதத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால், விளக்கை எங்கே போடுவது என்பதும் தெரியும்.

விளக்கு என்றதும் உயர்கம்பத்தில் வெள்ளை வெளிச்சத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ஒளி மேலே போனால் கூகைக்கும் வௌவாலுக்கும் தொந்தரவு, காலடியில் நிழல். தாழ்வான, தரையை நோக்கிய, மஞ்சள் வெளிச்சம் நடப்பவருக்கும் நல்லது, ஆந்தைக்கும் நல்லது. இரண்டு பேருக்கும் ஒரே தீர்வு பொருந்துகிற இடங்களில் இது ஒன்று.

மேம்பாலத்தில் ஏறிய கார்கள்

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர் மூழ்கியது. 2023 மிக்ஜாமில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன, படகு விட்டார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கடனில் வாங்கிய வண்டி, இரண்டு முறை மூழ்கிய அனுபவம். ஆனால் அந்தக் காட்சியில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் கட்டடமும் சாலையும் நிற்கின்றன. அதனால் தண்ணீர், கார் நிற்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. கார், பஸ் ஓட வேண்டிய இடத்தில் ஏறி நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் எங்கே நிற்பது?

பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். குப்பைக் கிடங்கு, 200 அடி சாலை, அரசு ஆய்வு நிறுவனங்கள், ரயில் நிலையம், தனியார் கட்டடங்கள் என்று நான்கு பக்கமும் கடித்தன. அரசே முன்னுதாரணம் காட்டிவிட்டுத் தனியாரைக் கண்டிப்பது எளிதல்ல. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில், ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது, முதலில் ஆய்வை முடியுங்கள் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. கடன் வாங்கி வீடு பதிவு செய்தவர்கள் கலங்கிப்போனார்கள். அவர்களுடைய கலக்கம் உண்மையானது. அனுமதி கொடுத்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், நாரைகள் அல்ல.

காருக்கு ஆகும் நிலம் சாலையோடு முடிவதில்லை. வீட்டில் ஓர் இடம், அலுவலகத்தில் ஓர் இடம், மால் அடித்தளத்தில் ஓர் இடம். எல்லாம் சிமென்ட், எல்லாம் தண்ணீரைக் கீழே விடாத தரை. ஓர் அடுக்குமாடியின் அடித்தளம் இரண்டு மாடி ஆழத்துக்குத் தோண்டப்படுவது குடியிருப்பவர்களுக்காக இல்லை, அவர்களுடைய கார்களுக்காக. சதுப்பு நிலத்தின் விளிம்பில் அப்படித் தோண்டிவிட்டு, மழைக்கு மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் வருகிறவருக்கு இந்தச் செலவு எதிலும் பங்கு இல்லை. வெள்ளத்தில் மட்டும் சம பங்கு.

கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று சுமார் 394 கோடி ரூபாயில் அழகான பேருந்து முனையம் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. திறந்த நாளில் அங்கே ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை. திருச்சியிலிருந்து மூட்டையோடு விடிகாலையில் வந்து இறங்கியவருக்கு ரயில் கண்ணில் தெரிந்தது, காலுக்கு எட்டவில்லை. முனையத்தை முதலில் கட்டி ரயிலைப் பிறகு யோசிக்கும் இந்த வரிசைதான் நம் புறநகரின் நோய். நடப்பவர் எப்போதும் இரண்டாம் கட்டப் பணியாகவே இருக்கிறார்.

இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதைகள் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கும், ஓ.எம்.ஆர். நெடுகச் சிறுசேரிக்கும் தூண்களாக எழுந்து நிற்கின்றன. ரோடு பெற்ற ஊர்களுக்குத் தாமதமாக ஒரு ரயில் வருகிறது. அந்த ஸ்டேஷன்களைச் சுற்றிக் கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களா, சிற்றுந்து நிற்க இடமும் ஏரிக்கரையிலிருந்து வரும் பாதையும் அமைக்கப் போகிறார்களா என்பது இந்த ஓரிரு ஆண்டுகளில் முடிவாகிவிடும். தூண் எழுந்த பிறகு சாலையோரத்தை மாற்றி எழுதுவது சிரமம்.

எங்கே கேட்பது?

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில், தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான் முதலமைச்சர் பகுதி சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டார். கிராமசபை போல நகரத்திலும் வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசலாம் என்ற ஏற்பாடு அது. பல வார்டுகளில் இந்தக் கூட்டம் கையெழுத்துச் சடங்காகிவிட்டது. ஆள் வராததும் ஒரு காரணம்.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். 'நடைபாதை வேண்டும்', 'ஏரியைக் காக்க வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள். நம் ஏரிக்கரைப் பாதையின் இரண்டு முனைகளும் எந்தத் தெருவில், எந்த பஸ் ஸ்டாப்பில் போய்ச் சேர்கின்றன? கேட் ஏன் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம்? கடைசி மின்சார ரயில் வந்த பிறகு ஸ்டேஷனிலிருந்து சிற்றுந்து உண்டா? கரைச்சரிவில் எவ்வளவு நீளத்தை மண்ணாகவே விடப் போகிறீர்கள்? எந்தெந்த வடிகாலுக்கு மூடி இல்லை? ஐந்து கேள்விகள்தான். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.